மலர்க் காட்சிக்குப் போனவர்கள்

ஹாலந்து தேசத்தின் வடக்கே போவன்கார்ஸ்பெல் என்று ஒரு சிற்றூர். பெயர் நம் வாயில் நுழையக் கொஞ்சம் சண்டித்தனம் செய்யும்; ஆனால் பூக்கள் விஷயத்தில் அந்த வட்டாரத்துக்கு நல்ல பெயர். குளிர் இன்னும் விலகாத பிப்ரவரி மாதத்தில், பெரிய கொட்டகைகளுக்குள் ஆயிரக்கணக்கான மலர்களை அடுக்கிக் காட்சி நடத்தி வந்தார்கள். 1999-ஆம் ஆண்டிலும் நடத்தினார்கள். சுமார் 77 ஆயிரம் பேர் போய்ப் பார்த்தார்கள்.

நம் ஊர்ப் பொருட்காட்சியைப் போலத்தான் அதுவும். பூவைப் பார்த்து முடித்தவர்கள் பக்கத்துக் கொட்டகையில் வீட்டுச் சாமான்களையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே விற்பனைக்காக வெந்நீர்த் தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். நீர் சுழன்று, குமிழியிட்டு, ஆவி பறக்கும் ஆடம்பரத் தொட்டி. அதில் யாரும் குளிக்கவில்லை. சும்மா நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிலர் அந்தப் பக்கமாக நடந்து போனதோடு சரி.

சில நாட்கள் கழித்து, சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் கடுமையான நிமோனியா ஜுரத்துடன் ஒருவர் பின் ஒருவராக வந்து படுத்தார்கள். டாக்டர்கள் விசாரித்தபோது, எல்லோரும் பூ பார்க்கப் போனவர்கள் என்று தெரிந்தது. தொட்டித் தண்ணீரில் ‘லெஜியோனெல்லா’ என்ற கிருமி பெருகியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். காற்றில் பறந்த நுண்ணிய நீர்த்துளிகளில் ஏறிக்கொண்டு, மூச்சு வழியே நுரையீரலில் போய் இறங்கிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்த நோயாளிகள் மட்டும் 188 பேர். இறந்தவர்கள் இருபதுக்கும் அதிகம்.

வாசகர்களே, நான் சொல்ல வந்தது அந்த 188 பேரைப் பற்றி மட்டும் அல்ல; மற்றவர்களைப் பற்றியும்தான். 77 ஆயிரம் பேரில் 188 என்றால், ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒருவர். ஒரே காற்றைச் சுவாசித்த ஒரே குடும்பத்தில் ஒருவர் விழுந்திருப்பார்; கூட வந்தவர் மறுநாள் காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போயிருப்பார். ஏன் இப்படி?

வயசானவர்கள், புகை பிடிப்பவர்கள், ஏற்கனவே உடம்பு தளர்ந்தவர்கள், தொட்டிக்கு மிக அருகில் நின்றவர்கள் ஆகியோருக்கு அபாயம் அதிகம் என்பது உண்மையே. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அதை ‘உடம்பு வாகு’ என்பார்கள். “அவன் அப்பாவுக்கும் இப்படித்தான், மார்புச் சளி என்றால் தாங்காது” என்று பாட்டி சொன்னால், படித்த பேரன் சிரிப்பான். டென்மார்க்கில் நடந்து 1988-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் படித்திருந்தால் சிரித்திருக்க மாட்டான்.

ஸ்வீகாரம் போன குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி அது. பெற்றவர்கள் ஓரிடம், வளர்த்தவர்கள் ஓரிடம். 960 குடும்பங்களின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். பெற்ற தாயோ தகப்பனோ ஐம்பது வயதுக்குள் தொற்று நோயால் இறந்திருந்தால், அந்தப் பிள்ளையும் தொற்று நோயால் அகாலத்தில் இறக்கும் அபாயம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. பிள்ளை வளர்ந்ததோ வேறு வீட்டில், வேறு சாப்பாட்டில், வேறு காற்றில்! தொற்று நோய் என்றால் வெளியிலிருந்து வருவது, அதற்கும் பரம்பரைக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

சரி, பரம்பரையாக வருவது எது? அதைச் சொல்வதற்கு முன் உங்களை ஒரு பழைய வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப் போகிறேன்.

திண்ணையில் தாத்தா படுத்திருக்கிறார். கண் சரியாகத் தெரியாது. இருந்தாலும், காலடி ஓசையைக் கேட்டே வருவது வீட்டு மனிதரா, அந்நியனா என்று சொல்லிவிடுவார். வந்தவன் பெயர், ஊர், குலம் எதுவும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. “யாரடா அது?” என்று ஒரு குரல் கொடுப்பார், வீடே விழித்துக்கொள்ளும். வந்தவன் யார், எந்த ஊர் என்று விசாரித்து, அங்க அடையாளம் எழுதிவைத்து, மறுபடி வந்தால் பிடிப்பதற்கு ஏற்பாடு செய்கிற போலீஸ்காரர் பிறகுதான் வருவார். நம் உடம்பிலும் அந்தப் போலீஸ் படை உண்டு. அம்மைப்பால் வைப்பது, தடுப்பூசி போடுவது எல்லாம் அந்தப் படைக்குக் கொடுக்கும் பயிற்சிதான். ஆனால் புதுக் கிருமி ஒன்றைக் கண்டு அது முழு பலத்துடன் கிளம்பப் பல நாட்கள் ஆகும். அதுவரை வீட்டைக் காப்பாற்றுவது திண்ணைத் தாத்தாதான்.

நம் உயிரணுக்களின் மேலும் உள்ளும் இப்படிப் பத்து வகைக் காவல் புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ‘டோல்’ ஏற்பிகள் என்று அவற்றுக்குப் பெயர். 1 முதல் 10 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓசை பழக்கம். டோல் 4-க்குச் சில பாக்டீரியாக்களின் மேல் தோலில் உள்ள கொழுப்பும் சர்க்கரையும் கலந்த பொருள் தெரியும். டோல் 5-க்குக் கிருமி நீந்துவதற்கு வைத்திருக்கும் வாலின் புரதம் தெரியும். டோல் 3, டோல் 7 இரண்டும் வைரஸ்களின் ஆர்.என்.ஏ.யை மோப்பம் பிடிக்கும். இவற்றை நாம் கற்றுக்கொள்வதில்லை, பிறக்கும்போதே வந்துவிடுகின்றன. பிறவியில் வருகிற எதுவும் ஜீன் வழியாக வர வேண்டும். ஜீன் வழியாக வருவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தே தீரும்.

இந்த உண்மையை முதலில் காட்டிக் கொடுத்தது ஒரு சுண்டெலி.

அதற்கும் முன்னால், 1892-ல், பெர்லினில் ரிச்சர்ட் பைஃபர் என்ற டாக்டர் காலராக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமிகளைச் சூடாக்கிக் கொன்றுவிட்டுப் பிறகு செலுத்தினாலும் கினிப் பன்றிகள் செத்தன. செத்த பாம்பு கடித்த கதை! கிருமியின் உடம்போடு ஒட்டியே ஒரு விஷம் இருக்கிறது என்று ஊகித்து, அதற்கு ‘என்டோடாக்ஸின்’ என்று பெயர் வைத்தார். ரத்தத்தில் இது கலந்தால் ஜுரம், நடுக்கம், ரத்த அழுத்தம் விழுதல், கடைசியில் மரணம். ஆனால் இந்த விஷத்தை உடம்பு எப்படித் தெரிந்துகொள்கிறது என்பது மட்டும் அடுத்த நூறு வருஷத்துக்கு யாருக்கும் பிடிபடவில்லை.

1960-களில் அமெரிக்காவில் ஒரு விசித்திரம் தெரிய வந்தது. மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்ஸன் ஆராய்ச்சிச் சாலையில், சி3எச் / எச்இஜே என்ற வம்சத்துச் சுண்டெலிகளை வளர்த்து வந்தார்கள். மற்ற எலிகளைக் கொல்லும் அளவு என்டோடாக்ஸினைக் கொடுத்தாலும் இவை அசையவில்லை; பாட்டுக்குத் தின்று திரிந்தன. ஆஹா, விஷத்தையே வென்ற எலி என்று தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். இதே எலிகளின் உடம்பில் உயிருள்ள சால்மோனெல்லாக் கிருமிகளை மிகச் சொற்பமாகச் செலுத்தினால் போதும், செத்துப் போயின. விஷத்துக்கு அஞ்சாத எலி, விஷம் வைத்திருக்கும் கிருமிக்குப் பலியாகிவிட்டது! தாத்தாவுக்குக் காது செவிடு. கள்ளன் வரும் ஓசை கேட்காததால் அவர் பதறவில்லை. பதறாததால் வீடு கொள்ளை போயிற்று. விஷயம் அவ்வளவுதான். இந்தச் சின்ன எலி, ஒரு பெரிய உண்மையையும் சேர்த்துச் சொல்லிற்று: பைஃபர் விஷம் என்று நினைத்தது உண்மையில் அவ்வளவு விஷமில்லை. அதைக் கேட்டு நம் உடம்பே போடும் கூச்சல்தான் ஆளைக் கொல்கிறது.

அந்தச் செவிட்டுக்குக் காரணமான ஜீன் எது என்று தேட டெக்ஸாஸில் டல்லாஸ் நகரத்தில் புரூஸ் பாய்ட்லர் என்பவர் இறங்கினார். ஐந்து வருஷம் வைக்கோற்போரில் ஊசி தேடினார். 1998-ல் ஊசி கிடைத்தது. டோல் 4 என்ற ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 712-ஆவது இடத்தில் ‘புரோலின்’ இருக்க வேண்டியதற்குப் பதில் ‘ஹிஸ்டிடின்’ உட்கார்ந்துவிட்டது. அச்சுக் கோப்பவர் கை தவறி ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் அர்த்தம் அனர்த்தமாகிறதே, அதைப் போல.

‘டோல்’ என்று ஏன் பெயர் என்கிறீர்களா? அது பழ ஈயின் கதை. ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற அம்மையார், பழ ஈயின் கருவில் விசித்திரமான ஒரு மாறுதலைப் பார்த்துவிட்டு, ‘டோல்!’ என்று வியந்தாராம். நம் பாஷையில் ‘அபாரம்!’ என்று சொல்லலாம். ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் ஜீன் அது. 1996-ல் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ழூல் ஹாஃப்மனும் அவருடன் வேலை செய்தவர்களும், இதே ஜீன் கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சணம் பிடித்துச் செத்துப் போவதைக் கண்டார்கள். முதுகு வயிறு பார்க்கும் ஜீனுக்குக் காவல் வேலையும் உண்டு! ஈயும் மனிதனும் வம்சத்தில் பிரிந்து கோடிக்கணக்கான வருஷங்கள் ஆன பிறகும், இருவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரே தாத்தா.

நடுவில் ஒரு சிறு கதை. இப்படிப்பட்ட காவல் புரதங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று 1989-லேயே, யாரும் அவற்றைக் கண்ணால் காணாதபோதே, யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் சார்ல்ஸ் ஜேன்வே எழுதினார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. மாஸ்கோவில் ருஸ்லான் மெட்ஜிடோவ் என்ற ஏழை மாணவர் மட்டும் நூல் நிலையத்தில் அந்தக் கட்டுரையைப் பார்த்து, உதவிப் பணத்தில் ஒரு பங்கைச் செலவழித்து நகல் எடுத்துக்கொண்டார். பிறகு கடிதம் எழுதி, கடல் கடந்து, ஜேன்வேயிடமே போய்ச் சேர்ந்தார். மனித உடம்பிலும் டோல் இருக்கிறது, அது காவல் மணியை அடிக்கிறது என்று 1997-ல் இருவருமாகக் காட்டினார்கள். 2011-ல் இந்த விஷயத்துக்கு நோபல் பரிசு வந்தபோது பாய்ட்லருக்கும் ஹாஃப்மனுக்கும் பாதி. மறு பாதி, வேறொரு காவல் அணுவைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு. அவரோ அறிவிப்புக்கு மூன்று நாள் முன்புதான் காலமாகியிருந்தார். கமிட்டிக்கு அது தெரியாது. ஜேன்வே 2003-லேயே போய்விட்டார். மெட்ஜிடோவ் பெயர் பட்டியலில் இல்லை. அது நியாயமா என்று விஞ்ஞானிகளே கேட்டார்கள். நானும் அவர்கள் கட்சிதான்.

இனி எலியை விட்டு மனிதனுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவாவில் 83 பேர் தாங்களாகவே முன்வந்து, அளந்து கொடுத்த என்டோடாக்ஸினை மூச்சில் இழுத்தார்கள். (விஞ்ஞானத்துக்காக எதையெல்லாம் செய்கிறார்கள் பாருங்கள்!) சிலருக்குச் சிறு அளவிலேயே மார்பு அடைத்துக்கொண்டது. சிலர் அசைந்து கொடுக்கவில்லை. அப்படி அசையாதவர்கள் சிலரிடம் டோல் 4 ஜீனில் இரண்டு எழுத்து மாற்றங்கள் தெரிந்தன. எலியைப் போல முழுச் செவிடு இல்லை, கொஞ்சம் மந்தம். உரக்கச் சொன்னால் கேட்கும்.

இப்போது மறுபடி மலர்க் காட்சி.

லெஜியோனெல்லாவுக்கு வால் உண்டு என்பதைக் கவனியுங்கள். வாலைக் கண்டுபிடிப்பது டோல் 5-இன் வேலை. டோல் 5 புரதத்தில் 858 அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்க வேண்டும். இந்தப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் போல 858 அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிலருடைய ஜீனில், 392-ஆவது அத்தியாயத்தில் ‘தொடரும்’ என்று போட வேண்டிய இடத்தில் ‘முற்றும்’ என்று அச்சாகியிருக்கிறது! கதாநாயகி கிணற்றங்கரையில் நிற்கிறாள். கதை அதோடு நின்று போயிற்று. அந்த அரைகுறைப் புரதம் வேலைக்கு ஆகாது. தாய் கொடுத்த பிரதி ஒன்று, தந்தை கொடுத்த பிரதி ஒன்று என்று நமக்கு இரண்டு இருந்தாலும், இந்த விஷயத்தில் ஒன்று கெட்டாலே வேலை மந்தமாகிவிடுகிறது.

ஸியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஹாலந்து டாக்டர்களுடன் சேர்ந்து, மலர்க் காட்சி நோயாளிகளின் ஜீன்களைப் பரிசோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 392-இல் ‘முற்றும்’ போட்டவர்கள், நோய் வராதவர்களைவிட நோயாளிகளிடையே அதிகமாக இருந்தார்கள். வால் வந்ததை அவர்கள் தாத்தா கேட்கவில்லை.

இந்தக் குறை ஏதோ லட்சத்தில் ஒருவருக்கு என்று நினைக்காதீர்கள். சில சமூகங்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இருக்கிறது. பத்து நாற்காலி போட்ட ஒரு பந்தியில் ஒருவர். அவர் நன்றாகத்தான் சாப்பிடுகிறார், நன்றாகத்தான் வாழ்கிறார். டைபாய்டுக் கிருமிக்கும் வால் உண்டே, இவர்களுக்கு டைபாய்டு அதிகம் வருமோ என்று வியட்நாமில் தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் தெரியவில்லை. லூபஸ் என்று ஒரு வியாதி, உடம்பே உடம்பைத் தாக்கிக்கொள்வது. அது இந்தக் குறை உள்ளவர்களிடம் குறைவாக இருப்பதாகவும் ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று. சதா கூச்சல் போடாத வீட்டில் சண்டையும் குறைவு என்று வைத்துக்கொள்ளலாமா?

இன்னும் வேடிக்கை கேளுங்கள். அதே மலர்க் காட்சி நோயாளிகளிடம் டோல் 4-ஐயும் பார்த்தார்கள். ஐயோவாவில் மந்தம் என்று பெயர் வாங்கிய அந்த இரண்டு எழுத்து மாற்றங்கள் நோயாளிகளிடம் அதிகம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? குறைவாக இருந்தன! டோல் 5 மந்தமானால் அபாயம். டோல் 4 மந்தமானாலோ அனுகூலம். அந்தக் கிருமியை எதிர்க்கும்போது எந்த மணி எவ்வளவு உரக்க அடிக்க வேண்டும் என்பது அவ்வளவு நுட்பமான கணக்கு. ஆகையால் இதைப் படித்துவிட்டு ‘என் டோல் எப்படி?’ என்று ரத்தம் கொடுத்துப் பார்க்க ஓட வேண்டாம். இப்படிப் பரவலாக உள்ள மாற்றங்களைக் கொண்டு ஒருவருடைய ஜாதகத்தைக் கணிக்க எந்த நல்ல டாக்டரும் முன்வரமாட்டார். நூறு பேர் கூட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லலாம். உங்களைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் அபூர்வமாகச் சில மாற்றங்கள் உண்டு. அவை ஆளையே குறிவைப்பவை.

2020-ஆம் ஆண்டில் கொரோனா உலகத்தை உலுக்கியபோது, ஹாலந்தில் இரண்டு குடும்பங்களில் அண்ணன் தம்பிகளாக நான்கு இளைஞர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 21 முதல் 32 வயது. முன்பு பெரிய நோய் நொடி இல்லாதவர்கள். நால்வருக்கும் மூச்சுக் கருவி பொருத்த வேண்டியதாயிற்று. ஒருவர் பிழைக்கவில்லை. கிழவர்களைத் தேடிப் போகிற நோய் இந்த வாலிபர்களை ஏன் பிடித்தது? நைமேகன் நகரத்து டாக்டர்கள் ஜீன்களைப் படித்துப் பார்த்தபோது, வைரஸ் வருகையை உணர்கிற டோல் 7 கெட்டிருந்தது. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. அது போனால் போனதுதான். மறு வருஷம் நடந்த பெரிய ஆராய்ச்சியில், அறுபது வயதுக்குள் கொரோனாவால் உயிருக்குப் போராடிய ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் இப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தது.

இறந்த பிள்ளையைப் பற்றி ஊர் என்ன சொல்லும்? “ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம், வெளியே போகாமல் இருந்திருக்கலாம்” என்று சொல்லும். நம் ஊரில் தாய் தலையில் பழியைப் போடுவார்கள்: ஈரத் தலையோடு விட்டாள், ஐஸ் வாங்கிக் கொடுத்தாள் என்று. அந்தப் பழியைச் சுமந்தே கிழவியான தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசியாகக் குழந்தைகள் விஷயம் ஒன்று உண்டு. தாத்தா குரல் கொடுத்தால் போதாது. அந்தக் குரல் வீட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். டோல் ஏற்பிகளில் அநேகமாக எல்லாவற்றின் செய்தியையும் உள்ளே கொண்டு போகும் ஆட்களில் ஒன்று ‘ஐராக்-4’ என்ற புரதம். மணியையும் வீட்டையும் இணைக்கும் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கயிறே அறுந்து பிறக்கும் குழந்தைகள் மிக மிக அபூர்வமாக உண்டு என்று 2003-ல் பாரிஸ் டாக்டர்கள் கண்டார்கள். அக்குழந்தைகளுக்குப் பெரும்பாலான கிருமிகளால் தொந்தரவு இல்லை. நிமோனியாவையும் மூளைக் காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ் முதலிய சில கிருமிகள்தான் திரும்பத் திரும்ப வந்து தாக்கும். முதலில் கணக்கெடுத்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் வரை, எட்டு வயதுக்குள் இறந்து போனார்கள்.

அதிலும் கொடுமை, நோயின் ஆரம்பத்தில் ஜுரம் சரியாக அடிக்காது. கயிறு அறுந்த வீட்டில் மணி எப்படி அடிக்கும்? குழந்தை கொஞ்சம் சோர்ந்திருக்கும். உடம்பைத் தொட்டால் சுடாது. ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போய்விடும். ஆகையால் நோய் இன்னதென்று தெரிந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசிகளோடு, கிருமிக் கொல்லி மருந்தையும் தினந்தோறும் கொடுத்து வருகிறார்கள். சிறு சந்தேகம் வந்தாலும், ஜுரத்துக்காகக் காத்திராமல் ஊசி மருந்து ஏற்றிவிட வேண்டும் என்பது டாக்டர்களின் விதி.

ஆனால், பதினான்கு வயதை ஒட்டிய பிறகு, இந்தக் குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட பெருநோய் அநேகமாக வருவதே இல்லை. கயிறு அறுந்தது அறுந்தபடிதான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் போலீஸ் படை கிருமிகளின் அங்க அடையாளங்களைப் படித்து வைத்துக்கொண்டுவிட்டது போலும் என்கிறார்கள். அந்த வயது வரை மாத்திரைச் சீட்டும் கையுமாகக் காவலிருப்பது தாய்தான். தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறது என்று காட்டினாலும் அவள் அதை நம்புவதில்லை.